எல்லை தாண்டாத எரிவாயுச் சிலிண்டர்

ஐரோப்பாவில் எல்லைகள் மறைந்துவிட்டன என்பார்கள். 1985 இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கைச்சாத்தான உடன்படிக்கை 1995 இல் நடைமுறைக்கு வந்தது. 2002 இல் யூரோ நாணயத்தாள்கள் மக்களின் கைகளுக்கு வந்தன. ஹம்பேர்க்கில் புறப்படும் ஒருவர் நாணயம் மாற்றாமலே ஸ்பெயினின் தென்கோடிவரை வாகனத்தைச் செலுத்திச் செல்லலாம். தொலைபேசி அங்கும் வேலை செய்யும். வங்கி அட்டையும் செல்லும். சாரதி அனுமதிப்பத்திரமும் செல்லுபடியாகும். ஆனால் அவரது வாகனத்தில் இருக்கும் ஒரு பொருள் மட்டும் எல்லையைத் தாண்டிய மறுகணமே அந்நியமாகிவிடுகின்றது. அதுதான் சமையல் எரிவாயுச் சிலிண்டர்.

படுக்கையும் அடுப்படியும் கொண்ட கேம்பர் வான்களில் மாதக்கணக்கில் பயணிப்பவர்கள் மேற்குலகில் ஏராளம். ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகளோடு கோடை விடுமுறைக்குப் புறப்படுபவர்கள், உலகைச் சுற்றுவதென்று வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் என்று பலரும் இதில் அடங்குவர். இவர்களுக்கு எரிவாயு என்பது அடுப்புக்கு மட்டுமானதன்று. குளிக்கும் நீரைச் சூடாக்குவதும், பனிக்காலத்தில் வாகனத்தை வெப்பமாக வைத்திருப்பதும் அதுவே. குளிரூட்டிப் பெட்டியைக் குளிரச் செய்வதும் அதே சுடர்தான். சுவீடனைச் சேர்ந்த பால்ட்சார் பொன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922 இல் உருவாக்கிய வெப்பத்தால் இயங்கும் குளிரூட்டியின் வழித்தோன்றல்தான் இந்த வாகனங்களில் நெடுங்காலம் இருந்து வருகின்றது. எனவே சிலிண்டர் வெறுமையானால் சமையல், குளியல், உறக்கம், உணவைப் பழுதாகாது பேணல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

அப்போது அவர் வெற்றுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பிரெஞ்சு நகரமொன்றில் கடைகடையாக ஏறி இறங்க வேண்டியதுதான். ஜேர்மனியின் 11 கிலோ சிலிண்டரை அங்குள்ள கடைக்காரர் மாற்றித் தரமாட்டார். பிரெஞ்சுச் சிலிண்டரை வைப்புப் பணம் கட்டி வாங்கினாலும், அதன் வாய் இவரது ரெகுலேட்டரோடு பொருந்தாது. ஏன் இந்த நிலை? விடை நூறாண்டுக் கதையொன்றில் இருக்கின்றது.

ஆவியாகிப் போன பெற்றோல்

1910 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில், அரசின் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் வோல்ட்டர் ஸ்னெலிங்கிடம் ஒரு முறைப்பாடு வந்ததாகச் சொல்லப்படுகின்றது. மோட்டார் வாகனத்துக்கு வாங்கிய பெற்றோலில் பெரும்பகுதி வீடு போய்ச் சேருமுன் ஆவியாகிவிடுகின்றது என்பதே அந்த முறைப்பாடு. ஆராய்ந்த ஸ்னெலிங், ஆவியாகிச் செல்பவற்றில் புரொப்பேனும் பியூட்டேனும் இருப்பதைக் கண்டார். அழுத்தத்தால் அவற்றைத் திரவமாக்கி இரும்புக் கலத்தில் அடைக்கும் முறைக்கு 1913 இல் காப்புரிமை பெற்றார்.

இந்த வாயுவின் அற்புதமும் ஆபத்தும் ஒரே குணத்தில் அடங்கியுள்ளன. திரவ நிலையில் ஒரு லீற்றராக இருக்கும் புரொப்பேன், வாயுவாக மாறும்போது ஏறக்குறைய 270 லீற்றராக விரிகின்றது. ஆகவே ஒரு மாதத்துக்குரிய சுடரைக் கையால் தூக்கக்கூடிய கலத்தில் அடைத்துவிடலாம். அதே காரணத்தால் சிறு கசிவும் அறை நிறைந்த வாயுவாகிவிடும்.

வெளிநாட்டில் எரிவாயு நிரப்புவது எப்படி என்ற கேள்வியை முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டது கேம்பர் வான் அல்ல, ஓர் ஆகாயக் கப்பல். 1929 இல் உலகைச் சுற்றிவந்த ஜேர்மனியின் கிராஃப் செப்பலின், ஹேர்மன் பிளௌ என்ற இரசாயனவியலாளரின் பெயரால் அழைக்கப்பட்ட பிளௌ வாயுவை எரித்துப் பறந்தது. அதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒத்திருந்தது. எரிபொருள் தீரத்தீரக் கப்பலின் பாரம் குறையாது. ஆகவே உயரம் கட்டுப்பாட்டை மீறாது. தென் அமெரிக்கச் சேவை தொடங்கியபோது, கப்பல் இறங்கும் இடங்களிலெல்லாம் எரிவாயு காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரேசிலின் ரெசிஃபே, ரியோ டி ஜெனீரோ ஆகிய நகரங்களில் புரொப்பேன் சிலிண்டர்கள் ஆயிரக்கணக்கில் சேமித்து வைக்கப்பட்டன.

1937 மே 6 ஆம் திகதி ஹின்டன்பேர்க் ஆகாயக் கப்பல் அமெரிக்காவில் எரிந்து விழுந்தது. செப்பலின் சேவை அத்தோடு முடிந்தது. பிரேசிலில் கிடந்த சிலிண்டர்களுக்கு உரிமை கோர எவரும் இல்லை. ஒஸ்ரியாவிலிருந்து குடிபெயர்ந்து அங்கு வாழ்ந்த ஏர்னெஸ்டோ இகெல் என்ற வணிகர் அவற்றை வாங்கி வீடுகளுக்குச் சமையல் எரிவாயுவாக விற்றார். அவர் அதே ஆண்டில் தொடங்கிய நிறுவனமே அல்ட்ராகாஸ். இன்றும் அது பிரேசிலின் பெரும் எரிவாயு நிறுவனங்களுள் ஒன்று. பயணத்துக்காகச் சேமித்த வாயு, பயணம் நின்றபின் ஒரு நாட்டின் அடுப்பங்கரைக்குள் புகுந்தது.

சிலிண்டர் யாருக்குச் சொந்தம்?

வெற்றுக் கலத்தைக் கொடுத்து நிரம்பிய கலத்தை வாங்கும் வழக்கமும் வாகனங்களோடுதான் பிறந்தது. 1904 இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கப்பட்ட பிரெஸ்ட்-ஓ-லைட் நிறுவனம், மோட்டார் வாகன முகப்பு விளக்குகளுக்கான அசெற்றிலின் வாயுவைக் கலங்களில் விற்றது. வழியில் தீர்ந்துபோனால் அடுத்த ஊர்க் கடையில் மாற்றிக்கொள்ளலாம். மின்விளக்கு வந்ததும் அந்த வணிகம் மங்கியது. ஆனால் அதன் பெயர்ச் சுருக்கமான பி.ஓ.எல். என்பது எரிவாயு இணைப்பு வாயொன்றின் பெயராக இன்றும் நிலைத்திருக்கின்றது.

ஐரோப்பாவில் சமையல் எரிவாயு வணிகம் 1930 களில் வேரூன்றியது. பிரான்ஸில் 1931 இல் பியூட்டாகாஸ் வந்தது. பிரித்தானியாவில் 1935 இல் கலோர் வந்தது. குழாய் வழி வாயு எட்டாத கிராமங்களே இவற்றின் சந்தை. உருக்குச் சிலிண்டர் செய்வதற்கு அன்று செலவு அதிகம். சாதாரணக் குடும்பத்தால் அதனை விலைகொடுத்து வாங்க இயலாது. ஆகவே நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. சிலிண்டர் எப்போதும் நிறுவனத்தின் சொத்து. பாவனையாளர் வைப்புப் பணம் கட்டி அதனை இரவலாகப் பெறுகின்றார். உள்ளிருக்கும் வாயுவுக்கு மட்டுமே விலை கொடுக்கின்றார்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. அழுத்தத்தில் இருக்கும் உருக்குக் கலத்தைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும். துருப்பிடித்ததை ஒதுக்க வேண்டும். வால்வை மாற்ற வேண்டும். இப்பொறுப்பைக் கோடிக்கணக்கான குடும்பங்களிடம் விடுவதைவிட நிரப்புபவரிடமே ஒப்படைப்பது பாதுகாப்பானது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. சிலிண்டரை வைத்திருப்பவர் அந்த நிறுவனத்திடமே திரும்பத் திரும்ப வரவேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நிறம், ஓர் அளவு, ஒரு வாய் என்று வகுத்துக்கொண்டது. தேசிய அரசுகள் அவற்றைத் தத்தம் விதிகளாக எழுதின. ஆக, இந்த வேற்றுமையைத் தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாத விளைவு என்று சொல்வதற்கில்லை. பாதுகாப்பும் வணிகமும் சேர்ந்து கட்டிய வேலி அது.

பிரித்தானியாவில் சிவப்பு நிறம் புரொப்பேனைக் குறிக்கும். நீலம் பியூட்டேனைக் குறிக்கும். ஜேர்மனியிலோ நிறம் உரிமையைக் குறிக்கின்றது. சாம்பல் நிறச் சிலிண்டர் பாவனையாளருக்குச் சொந்தம். சிவப்பு நிறச் சிலிண்டர் நிறுவனத்துக்குச் சொந்தம். ஸ்பெயினில் 12.5 கிலோ செம்மஞ்சள் நிறச் சிலிண்டர் வீட்டுக்கு வீடு காணப்படும். இலங்கையர்களாகிய எமக்குப் பழக்கமான அதே எடை. ஆனால் அதனைப் பெறுவதற்கு விநியோக நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும், எரிவாயு இணைப்பு பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது வழமை. நிலையான முகவரி இல்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும் வாகனத்துக்கு இது எளிதன்று.

அழுத்தத்திலும் ஒற்றுமை இருக்கவில்லை. பிரித்தானியாவில் பியூட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என்பது விதி. ஜேர்மனியின் பழைய கரவன்கள் 50 மில்லிபாரில் இயங்கின. பிற்காலத்தில் ஐரோப்பிய நியமம் 30 மில்லிபார் என்ற பொது அளவுக்கு வந்தது. பிரித்தானியாவின் புதிய கரவன்கள் 2003 இலிருந்து அதற்கு மாறின. வாகனத்துக்குள் இருக்கும் அடுப்பு ஐரோப்பியமயமாகிவிட்டது. வெளியே இருக்கும் சிலிண்டர் மட்டும் தேசியவாதியாகவே நின்றுவிட்டது.

நீலநிறச் சிறு கலம்

இந்த வேலியைத் தாண்டிய ஒரு முயற்சியையும் சொல்லவேண்டும். 1949 இல் பிரான்ஸின் லியோன் நகர்ப் பகுதியில் தோன்றிய கேம்பிங்காஸ் நிறுவனம், கையில் எடுத்துச் செல்லக்கூடிய நீலநிறச் சிறு சிலிண்டர்களை அறிமுகப்படுத்தியது. போருக்குப் பின்னரான காலம். சம்பளத்தோடு விடுமுறை பெற்ற தொழிலாளர்கள் கூடாரங்களோடு கடற்கரைகளுக்குப் புறப்பட்ட காலம். ஜேர்மனியில் வெஸ்ட்பாலியா நிறுவனம் வொக்ஸ்வாகன் வானுக்குள் பொருத்தும் படுக்கைப் பெட்டியை 1951 இல் கொண்டுவந்தது. ஒரு நாட்டில் வாங்கிய நீலக் கலத்தை வேறொரு நாட்டில் அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி அந்தத் தலைமுறைக்குப் பெரும் விடுதலையாக இருந்தது.

ஆனால் அதற்கு இரண்டு குறைகள் இருந்தன. அதன் பெரிய கலத்திலும் 2.75 கிலோ வாயுதான் கொள்ளும். அடுப்புக்கு அது போதும். குளிரூட்டிக்கும் வெப்பமூட்டிக்கும் போதாது. இரண்டாவது குறை, அதில் நிரப்பப்படுவது பியூட்டேன் என்பதாகும். பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே, அதாவது மறை 0.5 பாகை செல்சியஸில் திரவமாகவே தங்கிவிடும். புரொப்பேனோ மறை 42 பாகைவரை வாயுவாக வெளிவரும். ஸ்பெயினின் கடற்கரையில் தேநீர் வைத்த சிலிண்டர், அல்ப்ஸ் மலையின் பனி இரவில் நிறையத் திரவம் இருந்தும் மௌனமாகிவிடும். குளிரில் பயணம் செய்பவர் புரொப்பேனைத்தான் நாடவேண்டும். புரொப்பேனுக்கோ அப்படியொரு பொதுக் கலம் வாய்க்கவில்லை.

இந்த இரண்டு வாயுக்களின் வேறுபாடு எமது நாட்டில் வேறு விதமாக உணரப்பட்டது. 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே வெப்ப நாடுகளில் பியூட்டேன் மிகுந்த கலவையே பொருத்தமானது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையின் வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, அதுவரை எவரும் பேசாத கலவை விகிதம் நாடெங்கும் பேச்சாயிற்று. ஜனாதிபதி நியமித்த குழுவும் கலவை மாற்றத்தையே முக்கிய காரணமாகச் சுட்டியது. பெயர் ஒன்றானாலும் ஊருக்கு ஊர் சிலிண்டருக்குள் இருப்பது ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லொஸ் அல்ஃபாக்கஸ்

சிலிண்டரை மாற்ற முடியாவிட்டால் நிரப்பிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஐரோப்பாவில் வாகனங்களுக்குத் திரவ எரிவாயு விற்கும் நிரப்பு நிலையங்கள் ஏராளமாக உள்ளன. அதே வாயுதான். சாதாரணச் சிலிண்டரைக் கொண்டுபோய் அங்கே நிரப்புவதற்கு ஏன் பல நாடுகள் தடை விதித்துள்ளன?

1978 ஜூலை 11 ஆம் திகதி நிகழ்ந்ததை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் லொஸ் அல்ஃபாக்கஸ் என்ற முகாமிடம் விடுமுறைக்கு வந்த ஜேர்மனியர், பிரெஞ்சுக்காரர், பெல்ஜியர் ஆகியோரால் நிறைந்திருந்தது. நண்பகல் கடந்த வேளை. புரொப்பேனுக்கு உறவான புரொப்பிலீன் என்னும் திரவ வாயுவை ஏற்றிய பவுசர் ஒன்று முகாமை ஒட்டிய வீதியில் வந்தது. ஏறக்குறைய 19 தொன் மட்டுமே ஏற்றத்தக்க அக்கொள்கலனில் 23 தொன்னுக்கு மேல் ஏற்றப்பட்டிருந்தது. மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு அதில் இல்லை. முகாமின் அருகே அது வெடித்தது. 200 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடற்கரைக்கு வந்தவர்களின் உடல்களில் துணிகள்கூடக் குறைவாகவே இருந்தமையால் காயங்கள் கொடூரமாக இருந்தன. வெடிப்பு எந்த ஒழுங்கில் நிகழ்ந்தது என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மிகையான பாரமும் வால்வு இன்மையும் பற்றி வேறுபாடு இல்லை.

திரவப் புரொப்பேன் வெப்பத்தில் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். விரிவதற்கு இடமில்லாவிட்டால் உருக்கும் தாங்காது. ஆகவேதான் சிலிண்டரில் 80 சதவீதம் மட்டுமே நிரப்ப வேண்டும் என்பது அடிப்படை விதி. நிரப்பும் தொழிற்சாலையில் எடை பார்த்து நிரப்புகின்றார்கள். வாகன நிரப்பு நிலையத்தில் தராசு இல்லை. வாகனத்தின் தாங்கியில் உள்ள தானாக நிறுத்தும் வால்வை நம்பியே அங்கு நிரப்பப்படுகின்றது. சாதாரணச் சிலிண்டரில் அந்த வால்வு கிடையாது. குளிர்ந்த காலையில் விளிம்புவரை நிரப்பிய சிலிண்டர், மதிய வெயிலில் மூடிய வாகனத்துக்குள் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு அமெரிக்கா கண்ட தீர்வு வேறு. அங்கு சிலிண்டர் பெரும்பாலும் பாவனையாளருக்கே சொந்தம். கடையில் கண்முன்னே நிரப்பித் தருவார்கள். 2002 இலிருந்து, சிறிய சிலிண்டர்கள் மிகைநிரப்பலைத் தடுக்கும் வால்வு இல்லாவிட்டால் மீள நிரப்பப்படமாட்டா என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சிலிண்டரை மாற்றும் முறை 1990 களில்தான் அங்கு பரவியது. இரண்டு கண்டங்கள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே சிக்கலை அணுகின.

நான்கு வாய்கள்

ஐரோப்பியப் பயணிகளில் பலர் இன்று நாடுவது வாகனத்தில் நிலையாகப் பொருத்திய, 80 சதவீதத்தில் தானாக நிற்கும் வால்வு கொண்ட, மீள நிரப்பத்தக்க கலங்களையே. நிரப்பும் துவாரம் வாகனத்தின் வெளிப்புறத்தில் இருக்கும். ஆனால் அங்கும் வேற்றுமை விடவில்லை. ஜேர்மனியிலும் பெல்ஜியத்திலும் அக்மி என்ற திருகு வாய். பிரான்ஸிலும் இத்தாலியிலும் போலந்திலும் தட்டு வடிவ வாய். பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் திருப்பிப் பூட்டும் பயனெற் வாய். ஸ்பெயினில் யூரோ வாய். இந்த நான்காவது வாய்தான் கண்டம் முழுவதற்குமான பொது நியமமாக வகுக்கப்பட்டது. அதனைப் பரவலாக ஏற்ற நாடு ஸ்பெயின். மற்றவை பழையவற்றை விடவில்லை. மூன்றை ஒன்றாக்க வந்தது நான்காவதாகிவிட்டது. ஆகவே நீண்ட பயணம் செய்பவரின் பெட்டியில் பித்தளை இணைப்பிகள் ஒரு தொகுதி எப்போதும் இருக்கும்.

ஐரோப்பாவுக்கு வெளியே கதை இன்னும் விரிகின்றது. மொரோக்கோவில் அரசு மானியம் பெறும் பியூட்டேன் மிக மலிவு. 12 கிலோ சிலிண்டர் பல்லாண்டுகளாக 40 திர்ஹாமுக்கு விற்று, 2024 மே மாதத்திலேயே 50 திர்ஹாமாக உயர்ந்தது. ஐரோப்பியப் பயணிகள் பலர் குளிர்காலத்தை அங்கு கழிப்பதற்கு இதுவும் ஒரு வசதி. துருக்கியில் 2 கிலோ கொண்ட 'பிக்னிக்' சிலிண்டர் பிரசித்தம். இந்தியாவில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டருக்குப் பதிவும் முகவரியும் வேண்டும். அவை இல்லாதவர்களுக்காக 5 கிலோ சிலிண்டரைச் சந்தையில் விற்கும் முறை 2013 இல் தொடங்கப்பட்டது. புலம்பெயர் தொழிலாளர்களுக்காக வந்த அந்த ஏற்பாடு, ஊர் சுற்றுபவர்களுக்கும் உதவுகின்றது.

எதுவும் கிடைக்காத இடங்களில் சிலர் உள்ளூர்ச் சிலிண்டரை உயரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாய் மூலம் தமது கலத்துக்குள் திரவத்தை இறக்கிக்கொள்கின்றனர். தென் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பயணிப்போரிடையே இது அறியப்பட்ட வழி. எவ்வளவு உட்சென்றது என்று எடை பார்க்காவிட்டால், லொஸ் அல்ஃபாக்கஸின் கணக்குப் பிழையைச் சிறிய அளவில் மீண்டும் செய்வதே ஆகும். இத்தகைய துணிவைப் பயண அனுபவம் என்று பாராட்டுவது பொறுப்பற்ற செயல்.

மண்ணெண்ணெய்க்கு வேலி இல்லை

ஒப்புநோக்க ஒன்றைக் குறிப்பிடலாம். 1892 இல் சுவீடனில் பிறந்த பிறைமஸ் அடுப்பு மண்ணெண்ணெயில் எரிந்தது. துருவப் பயணிகளும் மலையேறிகளும் அதனைச் சுமந்து உலகெங்கும் சென்றனர். மண்ணெண்ணெயை எந்த ஊர்க் கடையிலும் எந்தப் போத்தலிலும் வாங்கலாம். கலத்துக்கு உரிமையாளர் கிடையாது. வாய்க்கு நியமம் கிடையாது. புகையும் மணமும் இல்லாத சுடரை மனிதன் பெற்றபோது அதற்கு ஈடாக அவன் இழந்தது இந்தச் சுதந்திரம்.

இன்று பல பயணிகள் எரிவாயுவையே கைவிடத் தொடங்கியுள்ளனர். கூரையில் சூரியத் தகடு, உள்ளே லித்தியம் மின்கலம், மின்காந்த அடுப்பு, வாகனத்தின் டீசலிலேயே இயங்கும் வெப்பமூட்டி என்று புதிய ஏற்பாடுகள் வந்துவிட்டன. நூறாண்டுகளாக நாடுகளும் நிறுவனங்களும் உடன்பட மறுத்த சிக்கலை, உடன்பாடு இல்லாமலே காலம் தீர்க்கப்போகின்றது போலும்.

ஆனால் அந்த வசதி பணமுள்ள பயணிக்குரியது. விடுமுறைப் பயணிக்குச் சிலிண்டர் ஒரு தொல்லை. வறிய குடும்பத்துக்கு அது அடுத்த வேளை உணவு. 2022 இல் இலங்கையின் வீதியோரங்களில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்துவிட்டு இரவு பகலாகக் காத்திருந்த மக்களுக்கு இது புதிய செய்தியன்று. கலம் கையில் இருந்தும் சுடர் எமக்குச் சொந்தமில்லை என்பதை அந்த வரிசைகளில் நாம் கற்றுக்கொண்டோம். சிலிண்டரின் வாயையும் அளவையும் கலவையையும் தீர்மானிப்பவர்கள் பாதுகாப்பின் பெயரால் பேசும்போது, அதில் எவ்வளவு பாதுகாப்பு, எவ்வளவு வணிகம் என்று கேட்கும் உரிமை பாவனையாளருக்கு உண்டு. ஐரோப்பியப் பயணியின் பித்தளை இணைப்பிகள் அந்தக் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை என்பதையே காட்டுகின்றன.